நினைத்ததை எய்துதலும் நிதான முள்ளும்



நமக்கு நன்கு தெரிந்த சாவகக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறி இப்பாடத்தைத் தொடங்குகிறோம். அவ்வீட்டின் மகள் மருத்துவப் படிப்பிற்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்து வந்தாள். பயிற்சி வகுப்பிற்கு வந்த பேச்சாளர் ஒருவர் மாணவர்களுக்கு ஒரு முறையைக் கற்பித்தார். இரவில் உறங்குமுன் கண்மூடி, வெள்ளை மேலங்கி அணிந்து மருத்துவமனையில் நடப்பதாகத் தன்னைக் காண வேண்டும், "எனக்கு இடம் கிடைத்துவிட்டது" என்று அப்பொழுதே மகிழ வேண்டும், சிறிதும் ஐயுறலாகாது, பின்னர் அந்நினைவையும் விட்டுவிட வேண்டும், மற்றவை தாமே நடக்கும் என்பது அவர் உரை. அச்சிறுமி பல மாதங்கள் இதனைத் தவறாது செய்தாள். தேர்வு முடிவு வந்தது, இடம் கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது, "உன்னுள் ஐயம் இருந்திருக்கும், இல்லையேல் உன் வீட்டில் யாரேனும் ஐயுற்றிருப்பார்கள்" என்று விடை வந்தது.

அதன்பின் ஒருநாள், ஆலயத்தில் மாலை ஆரத்தி முடிந்த வேளையில், அவளுடைய அன்னை நம்மிடம் வந்து கண்ணீருடன் வினவினார்: "ஐயா, நான் உள்ளுக்குள் பயந்தது உண்மைதான். என் பயமா என் பிள்ளையின் இடத்தைக் கெடுத்தது?"

இவ்வினா அவ்வன்னை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இம்முறை நுழைந்துவிட்டது. நூல்களும் கைப்பேசி உரைகளும் இதனையே சொல்கின்றன. "நம் சமயத்திலும் தியானம் உண்டே, பாவனை உண்டே, பற்றின்மை உண்டே, இதுவும் அதுவும் ஒன்றுதானே?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். ஆகவே எங்கே ஒற்றுமை, எங்கே வேற்றுமை என்பதை ஆகம நெறிநின்று ஆராய்வோம்.

இம்முறை வந்த வழி

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் 'புதுச் சிந்தனை' என்னும் இயக்கம் ஒன்று தோன்றியது. மனத்தின் எண்ணமே நோயையும் வறுமையையும் தோற்றுவிக்கிறது, எண்ணத்தை மாற்றினால் அவை நீங்கும் என்பது அவர்தம் கொள்கை. 1937இல் நெப்போலியன் ஹில் என்பார் எழுதிய 'திங்க் அண்ட் க்ரோ ரிச்' என்னும் நூல் இதனைச் செல்வம் ஈட்டும் வழியாகப் பரப்பியது. பார்படோஸ் தீவில் 1905இல் பிறந்து 1972இல் மறைந்த நெவில் கோடார்டு என்பார், விரும்பியது நிறைவேறிவிட்ட நிலையை உள்ளத்தில் உணர்வதே அதனை அடையும் வழி என்று அமெரிக்காவில் சொற்பொழிவாற்றினார். 2006இல் ரோண்டா பைர்ன் வெளியிட்ட 'தி சீக்ரெட்' என்னும் படமும் நூலும் இக்கருத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தன.

இம்முறைக்கு மூன்று உறுப்புகள். விரும்பியதை மனக்கண்ணால் காணும் காட்சி ஒன்று. அது நிகழ்ந்தே தீரும் என்னும் ஐயமற்ற உறுதி இரண்டு. கவலைப்படாமல் விட்டுவிடும் பற்றற்ற நிலை மூன்று. இம்மூன்றனையும் நம் நெறியோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம்.

முதலாவது: காட்சி

மனத்தில் உருவம் அமைத்துப் பாவித்தல் நமக்குப் புதியதன்று. சுபசந்திராசாரியர் அருளிய ஞானார்ணவம் தர்ம தியானத்தைப் பிண்டஸ்தம், பதஸ்தம், ரூபஸ்தம், ரூபாதீதம் என நான்காக வகுக்கிறது. அவற்றுள் பிண்டஸ்த தியானத்திற்கு ஐந்து தாரணைகள் கூறப்பட்டுள்ளன.

முதல் தாரணை பார்த்திவி. மத்திய உலகம் அளவு விரிந்த, அலையும் ஒலியும் அற்ற பாற்கடல்; அதன் நடுவே சம்பூத்தீவின் அளவினதாய் ஆயிரம் இதழ்ப் பொற்றாமரை; மேருவைப் போல் உயர்ந்த அதன் பொகுட்டின்மேல் வெண்மதி போன்ற அரியணை; அதில் விருப்பு வெறுப்பு நீங்கி, வினைகளை எரிக்க வல்லவனாய்த் தான் அமர்ந்திருப்பதாகத் தியானிப்போன் பாவிக்க வேண்டும். இரண்டாவது ஆக்கினேயி. உந்தியில் பதினாறு உயிரெழுத்துகள் பொறித்த பதினாறு இதழ்த் தாமரை. அதன் நடுவிலுள்ள மந்திர எழுத்திலிருந்து புகை எழுந்து, பொறி பறந்து, தீச்சுடராகிறது. நெஞ்சில் தலைகீழாய்க் கவிழ்ந்துள்ள எட்டிதழ்த் தாமரை எட்டு வினைகளாகும். அத்தீ அதனை எரிக்கிறது. எரிப்பதற்கு ஒன்றும் இல்லாமையால் தானே அடங்குகிறது. பின்னர் மாருதி தாரணையில் காற்று அச்சாம்பலை அகற்றுகிறது. வாருணி தாரணையில் மழை கழுவுகிறது. இறுதியில் தத்துவ ரூபவதி தாரணையில் ஏழு தாதுக்களும் அற்ற, முழுமதி போல் விளங்கும் தன் தூய ஆன்மாவைக் காண்கிறான்.

இதனினும் விரிவான மனக்காட்சி பிறிதொரு நூலில் உண்டோ என வியக்கத்தக்கதாக இது உள்ளது. ஆனால் இக்காட்சியில் இல்லாதது எது என்பதை நாம் நோக்க வேண்டும். இதில் மாளிகை இல்லை, பதவி இல்லை, பிறர் எவரும் இல்லை. பாவிப்பவன் தன்னையும், தன்னைப் பிணித்த வினைகளையுமே காண்கிறான். அவ்வினைகள் எரிவதையும் ஆன்மா தன் இயல்பில் நிற்பதையும் கண்டு அதனையே பழகுகிறான். பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளும் இத்தகையனவே. மைத்திரி, பிரமோதம், காருணியம், மாத்தியஸ்தம் என்னும் நான்கு பாவனைகளும் இத்தகையனவே. திரும்பத் திரும்ப எண்ணுதல் எண்ணுபவனைத் திருத்துகிறது. பாவனையின் ஆற்றல் இதுவே; அதனை நம் ஆசாரியர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இரண்டாவதும் மூன்றாவதும்: உறுதியும் பற்றின்மையும்

நற்காட்சிக்கு எட்டு அங்கங்கள் உண்டு என்பதைச் சிறுவரும் அறிவர். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் தமிழ் அருங்கலச்செப்பும் அவற்றை வரிசைப்பட விளக்குகின்றன. முதல் அங்கம் ஐயமின்மை, இரண்டாவது அவாவின்மை.

ஐயமின்மை எதன்மேல்? அருகன் அருளிய தத்துவத்தின்மேல். வாளின்மேல் ஏற்றிய நீர் பிரியாதது போல அசையாத நம்பிக்கை அது. "எனக்கு இந்த இடம் கிடைத்தே தீரும்" என்பது அத்தகைய உறுதியன்று. அது எதிர்காலத்தைப் பற்றிய ஒரு விருப்பம், உறுதியின் ஆடையை உடுத்தி நிற்கிறது. மெய்ப்பொருளின் மேல் ஐயமின்மை அறிவைத் தெளிவாக்கும். நடவாதது நடந்துவிட்டதாகக் கொள்ளும் உறுதியோ உள்ளதை உள்ளவாறு காணும் கண்ணை மறைக்கும்.

அவாவின்மைக்கு வருவோம். உலக இன்பம் வினையின் வசப்பட்டது, முடிவுடையது, இடையிடையே துன்பம் கலந்தது, தீவினைக்கு வித்தாவது. ஆகவே அதில் நிலையான நம்பிக்கை வையாமையே அவாவின்மை என்பர் சமந்தபத்திரர். புதுமுறையார் கூறும் பற்றின்மை இதுதானா? அவர்கள் விடச் சொல்வது கவலையை மட்டுமே. விரும்பிய பொருளை அன்று. விட்டால் விரைவில் வரும் என்பதற்காக விடுகின்றனர். குளக்கரையில் ஒற்றைக் காலில் அசையாது நிற்கும் கொக்கும் பார்வைக்குப் பற்றற்றதே. அதன் அமைதி மீனுக்காக அன்றோ? அடைவதற்காக விடுதல் வேறு. அடையும் ஆசையை விடுதல் வேறு.

நிதானம் என்னும் முள்

வழக்குத் தமிழில் நிதானம் என்றால் பொறுமை, அமைதி என்று பொருள் கொள்கிறோம். ஆகமத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. தவம், விரதம், தானம் ஆகியவற்றின் பயனாக இன்னது எனக்குக் கிடைக்க வேண்டும் என்று உலக இன்பத்தை மனத்தில் குறித்து இறுக்குதலே நிதானம். மாயை, மித்தியாத்துவம், நிதானம் ஆகிய மூன்றும் சல்லியம், அதாவது உள்ளே தைத்து நிற்கும் முள். இம்முள் அற்றவனே விரதி என்று தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் வரையறுத்தார். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆர்த்தத் தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாகவும் நிதானத்தை வைத்தார். புதுமுறை நாள்தோறும் இரவில் செய்யச் சொல்லும் பயிற்சியின் உள்ளீடு இந்த நான்காம் ஆர்த்தமே என்பதை நாம் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது.

"நிதானம் பலிக்குமா?" என்று சிலர் வினவலாம். கடுந்தவத்தோடு சேர்ந்தால் பலித்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு விசுவநந்தியின் கதை தெரியும். இராசகிருக நகரத்து அரசகுமாரனாகிய அவன், தன் சிற்றப்பன் மகன் விசாகநந்தி தன்னுடைய சோலையைக் கவர்ந்ததனால் பகை கொண்டான். அஞ்சி ஒளிந்தவன் ஏறியிருந்த விளாமரத்தை வேரோடு பிடுங்கினான்; பின்னர் அவன் மறைந்த கற்றூணையும் கையால் அறைந்து உடைத்தான். அவன் அஞ்சி ஓடக் கண்டு இரங்கி, உலக வாழ்வை வெறுத்துத் துறவு பூண்டான். தவத்தால் மெலிந்து மதுரா நகரில் சரியைக்குச் சென்றபோது, கன்றீன்ற பசு ஒன்று முட்ட வீழ்ந்தான். கணிகை ஒருத்தியின் மாளிகையிலிருந்து அதனைக் கண்ட விசாகநந்தி, "கற்றூணை உடைத்த உன் வலிமை எங்கே?" என நகைத்தான். முனிவன் உள்ளத்தில் சினம் மூண்டது. இவ்விகழ்ச்சியின் பயனை இவன் என்னால் அடைவானாக என்று தவத்தை விலையாக வைத்து நிதானம் செய்தான்.

அந்த எண்ணம் பிழையாது பலித்தது. தேவகதியில் பிறந்து, பின்னர்ப் போதனமாநகரில் திவிட்டனாய்ப் பிறந்தான். முதல் வாசுதேவன் ஆனான். தோலாமொழித்தேவரின் சூளாமணி பாடும் திவிட்டன் இவனே. விசாகநந்தியின் உயிர் அச்சுவகண்டனாய்ப் பிறந்திருந்தது. அவனைத் திவிட்டன் போரில் வென்று கொன்றான். விரும்பிய வெற்றி, வலிமை, அரசு எல்லாம் கைகூடின. அதற்குப் பின்? ஏழாம் நரகம், பின்னர்ச் சிங்கப் பிறவி, மீண்டும் நரகம், மீண்டும் சிங்கம். அச்சிங்கத்திற்கு இரு சாரண முனிவர்கள் அறவுரை கூற, அது கொலை நீக்கி விரதம் ஏற்றது. அவ்வுயிரே பல பிறவிகள் கடந்து வர்த்தமான மகாவீரராய் வீடு பெற்றது. தீர்த்தங்கரர் ஆகவிருந்த ஓர் உயிரையே நிதானம் இவ்வளவு தூரம் கீழே இழுத்தது என்றால், நாம் எம்மாத்திரம்? மாணிக்கத்தைக் கொடுத்துத் தவிடு வாங்கியது போன்ற வாணிகம் அது.

எண்ணத்தின் எல்லை

இனி அவ்வன்னையின் வினாவிற்கு வருவோம். பொன்னூர் மலையில் தவம் இயற்றியவராக நம் மரபு போற்றும் குந்தகுந்தாசாரியர், சமயசாரத்தில் ஓர் அடிப்படையை நிறுவுகிறார். ஆன்மா தன் பாவங்களுக்கே கருத்தா. பிற திரவியத்தின் பரிணாமத்திற்குக் கருத்தா அன்று. ஓர் அன்னையின் அச்சம் அவ்வன்னையின் உள்ளத்தில் எழும் பாவம். அதனால் வினை கட்டப்பட்டால் அது அவ்வன்னைக்கே. அது மகளின் உயிரில் சென்று ஒட்டாது. ஒருவர் செய்த வினையை மற்றொருவர் துய்ப்பதில்லை என்பது நம் சமயத்தின் உயிர்நாடி. மனத்துள் எழுந்த ஐயம் தேர்வுத்தாளை மாற்றியது என்பவர், தாம் அறியாமலே இந்த உயிர்நாடியை அறுக்கின்றார்.

அன்னையின் அச்சம் கடுஞ்சொல்லாகவோ ஓயாத கண்டிப்பாகவோ வெளிப்பட்டிருந்தால், அது மகளின் படிப்பிற்குப் புற நிமித்தமாக இடையூறு செய்திருக்கலாம். அதனைத் திருத்திக்கொள்ளலாம். வாய் திறவாது நெஞ்சில் அடக்கிய அச்சத்திற்கு அந்த ஆற்றல் இல்லை. மேலும், ஓரிடத்தை நூறு மாணவர் ஒரே உறுதியுடன் பாவித்தால் யாருக்குக் கிடைக்கும்? தொண்ணூற்றொன்பது பேரும் ஐயுற்றவர் என்று பழிப்பது அறமாகுமா?

அப்படியாயின் எல்லாம் விதி என்று சோம்பியிருக்கலாமா எனின், அதுவும் நம் நெறி அன்று. கோம்மடசாரத்தின் கரும காண்டம் வினையின் பத்து நிலைகளை உரைக்கிறது. கட்டிய வினையின் நிலைப்பையும் ஆற்றலையும் கூட்டுதல், குறைத்தல், ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல், காலத்திற்கு முன்னே உதயத்திற்குக் கொணர்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். நிகாசிதம் என்னும் இறுகிய நிலையிலுள்ள வினை நீங்கலாகப் பிறவற்றில் உயிரின் முயற்சிக்கு இடம் உண்டு. அந்தராய வினையின் ஐந்து வகைகளுள் இலாபாந்தராயம் ஒன்று; வீரியாந்தராயமும் ஒன்று. பேறு தடைப்படுவதும் முயலும் ஆற்றல் தடைப்படுவதும் வெவ்வேறு. பேறு நம் கையில் முழுதும் இல்லை; ஆனால் முயலும் ஆற்றலைப் பெருக்கிக்கொள்ள நம்மால் இயலும். குறளாசிரியரும் எண்ணியதை எய்துதற்கு உள்ளத் திண்மை வேண்டும் என்ற கருத்தை வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திலேயே வைத்தார்; நினைவுத்திட்பம் என ஓர் அதிகாரம் வகுத்தாரில்லை.

ஆய்வாளர் கண்டது

மேலை நாட்டு உளவியல் ஆய்வுகளும் இவ்விடத்தில் நமக்குத் துணை செய்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவரிடையே பாம், டெய்லர் என்னும் இருவர் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. நல்ல மதிப்பெண் பெற்று மகிழ்வதாகப் பாவித்தவர் சிலர். உட்கார்ந்து படிக்கும் செயலைப் படிப்படியாகப் பாவித்தவர் சிலர். செயலைப் பாவித்தவர்களே நன்கு படித்து மிகுந்த மதிப்பெண் பெற்றனர். பயனை மட்டும் பாவித்தவர்களின் படிப்பு நேரம் குறைந்தது. கப்ரியேல் எட்டிங்கென் என்னும் உளவியலாளர், வாடன் என்பாருடன் சேர்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வு, உடல் எடையைக் குறைக்க முயன்ற 25 பெண்களைப் பற்றியது. முயன்றால் முடியும் என்ற நம்பிக்கை உடையோர் மிகுதியாக எடை குறைந்தனர். மெலிந்துவிட்டதாக இனிய கற்பனையில் திளைத்தோர் குறைவாகவே குறைந்தனர். நம்பிக்கை உதவியது, பயனைக் கற்பனையில் முன்கூட்டியே துய்த்தல் கெடுத்தது. பயனைக் கண்ட மனம், பெற்றுவிட்டதாக மயங்கித் தளர்ந்துவிடுகிறது போலும்.

இல்லறத்தார்க்கு ஒரு பயிற்சி

இல்லறத்தார் இலக்கே இன்றி வாழ வேண்டும் என்று நாம் கூறவில்லை. படிப்பு, தொழில், திருமணம், வீடு எல்லாம் அணுவிரதங்களின் வரம்பிற்குள் முயன்று பெறத்தக்கவையே. ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யத்தக்க ஒழுங்கு ஒன்றை இங்கே தருகிறோம். சாமாயிகத்திற்குரிய 48 நிமிடமும் அமர இயலாதவர், சிறிது நேரமேனும் இதனைச் செய்யலாம்.

முதலாவதாக, பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை செபித்து மூச்சை அமைதிப்படுத்துக.

இரண்டாவதாக, பார்த்திவி தாரணையை எளிய அளவில் பாவிக்க. அலையற்ற பாற்கடல், தாமரை, அதன்மேல் கலக்கமின்றி அமர்ந்துள்ள நீங்கள். இது மனத்திற்கு உறுதி தரும்.

மூன்றாவதாக, மறுநாள் செய்ய வேண்டிய செயலைக் கண்முன் கொணர்க. வெற்றியை அன்று, செயலை. எந்நேரம் எழுவது, எந்தப் பாடத்தைத் திறப்பது, எந்தக் கணக்கைப் போடுவது என்பதைக் காண்க. இடையில் வரும் சோம்பல், கைப்பேசி, அச்சம் ஆகிய தடைகளையும் கண்டு, அவற்றை எவ்வாறு விலக்குவது என்பதையும் முன்னரே தீர்மானிக்க.

நான்காவதாக, "முயற்சி என்னுடையது, பயன் பல காரணங்கள் கூடி விளைவது, எது வரினும் என் ஆன்மாவின் இயல்பு குறையாது" என உறுதி கொள்க. ஐயமற்ற உறுதிக்கு உரிய இடம் இது.

ஐந்தாவதாக, உடன் எழுதும் மாணவர் அனைவர்க்கும் மைத்திரி பாவனை செய்க. போட்டியாளர் தோற்க வேண்டும் என்ற நினைவு எழுந்தால், விசுவநந்தியை நினைவிற் கொள்க.

இறுதியாக, நம் பக்திப் பாடங்களின் முடிவில் நாள்தோறும் வேண்டுவனவற்றையே வேண்டுக: துன்பக் கேடு, வினைக் கேடு, போதி லாபம், நற்கதி, சமாதி மரணம், சினகுணச் செல்வம். வேண்டுதல் எல்லாமே நிதானம் ஆகாதா எனின், ஆசாரியர்கள் அதற்கும் விடை கூறியுள்ளனர். உலக போகத்தை நோக்கிய வேண்டுதல் உயிரைப் பிணிக்கும். வினை நீக்கத்தை நோக்கிய வேண்டுதல் எல்லா வேண்டுதலையும் முடிவிற்குக் கொண்டுவரும்.

அன்னைக்குச் சொன்ன விடை

அன்று ஆலய முற்றத்தில் நாம் அவ்வன்னையிடம் சொன்னது சுருக்கமானதே. "அம்மா, உங்கள் பயம் உங்களைத்தான் வருத்தியது, பிள்ளையின் இடத்தைத் தொடவில்லை. அவள் காதில் விழும்படி, இது அவளுடைய ஐயத்தால் வந்த தோல்வி அன்று என்று சொல்லுங்கள்." அவர் அப்படியே செய்தார். அதனைக் கேட்ட பிறகே மகள் பல நாட்களுக்குப் பின் வாய்விட்டு அழுதாள் என்று பின்னர் அறிந்தோம். தோல்வியைக் காட்டிலும், அது தன் மனக்குற்றம் என்ற பழியே அவளை அழுத்தியிருந்தது. இப்பொழுது அவள் வேறு அறிவியல் படிப்பொன்றில் சேர்ந்து ஊக்கத்துடன் பயின்று வருகிறாள். தாயும் மகளும் மாலையில் ஒருங்கே அமர்ந்து சாமாயிகம் செய்கின்றனர்.

எண்ணம் வலிமை உடையதுதான். ஆனால் அது முதலில் மாற்றுவது எண்ணுபவனையே. உலகை வளைக்க அதனைப் பயன்படுத்தினால் முள்ளாய்த் தைக்கும்; தன்னைத் திருத்தப் பயன்படுத்தினால் வினை எரிக்கும் தீயாகும். எதனை நினைக்கிறோம் என்பதில் விழிப்பாய் இருப்போமாக.

பாடசாலைச் சிறுவர் சிந்திக்க

1. சல்லியங்கள் மூன்று எவை? அவை முள் எனப்படுவது ஏன்?
2. ஐயமின்மை, அவாவின்மை ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. விசுவநந்தி தான் விரும்பியதைப் பெற்றும் கேடுற்றது எதனால்?
4. நாளை நீ செய்ய வேண்டிய ஒரு செயலைப் படிப்படியாகப் பாவித்து, அதற்கு வரக்கூடிய ஒரு தடையையும் அதனை நீக்கும் வழியையும் எழுதுக.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!